கார்புரேட்டரைக் கழற்றும் முன்: பழைய மாருதி 800-இல் பெட்ரோல் கோளாறைத் தேடும் வழி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும்போது கீரனூர் தாண்டியதும் என் வண்டி நின்றுவிடும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நான்கு மாதத்தில் ஐந்து தடவை. சித்தப்பா கொடுத்த 1997 மாடல் மாருதி 800. முதலில் லேசாகத் திணறும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், அப்புறம் ஓரம் கட்டவேண்டியதுதான். பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

இந்த நான்கு மாதத்தில் மூன்று மெக்கானிக்குகள், இரண்டு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) சர்வீஸ், ஒரு புது பெட்ரோல் பம்ப், ஒரு இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவது). மொத்தம் 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கடைசியில் கோளாறு இருந்தது பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில், நான்கு அங்குல ரப்பர் ஹோஸில். அதன் விலை 40 ரூபாய். நான்காவதாகப் பார்த்த பெரியவர் சொன்னார்: "தம்பி, கார்புரேட்டர் பாவம். அதுக்கு வர்றதைத்தான் அது குடுக்கும்." நான் செய்த தப்பெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரை தொட்டியில் தொடங்கி கார்புரேட்டரில் முடிகிறது. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

மாருதி 800-ஐ வைத்துத்தான் எழுதுகிறேன். 796 சிசி, 3 சிலிண்டர், என்ஜினிலேயே பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டர் மாடல். பிரீமியர் பத்மினி, பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். ஸ்க்ரூக்களின் இடம்தான் மாறும். எம்பிஎஃப்ஐ வண்டிக்கு (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் வண்டி) இது பொருந்தாது.

1. எவ்வளவு செலவு, எத்தனை நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒதுக்குங்கள். சோதனைகளுக்கு அரை நாள், ஹோஸ் மாற்ற அரை நாள். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் இன்னொரு நாள் வேண்டும். வேலைக்குப் போகும் ஒரே வண்டி இதுதான் என்றால் கார்புரேட்டரை ஞாயிறு மாலை கழற்றாதீர்கள். திங்கள் காலை ஒரு கேஸ்கட்டுக்காக (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் தாள்) கடை திறக்கும்வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

எனக்கு ஆன செலவு: நல்ல ஹோஸ் இரண்டு மீட்டர் 480, கிளிப்புகள் 150, ஃபில்டர் 120, கார்புரேட்டர் கிட் (அதற்கான சிறு உதிரிகள் அடங்கிய பாக்கெட்) 550, கிளீனர் ஸ்பிரே ஒரு டின் 250. விலை ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இருந்தால் புது உதிரிக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. ஆனால் ரப்பர், டயாஃப்ரம் (பம்புக்குள் அசையும் மெல்லிய சவ்வு), கேஸ்கட் மூன்றையும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். கார்புரேட்டரின் உடல் பகுதி மட்டும் வேண்டுமானால் புதுப்பேட்டையில் தேடலாம்.

காரை வெட்டவெளியில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் இணைப்பைத் திறங்கள். பக்கத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஒருமுறை தொண்டைக்குள் போனபிறகு விட்டுவிட்டேன்.

2. எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

"வண்டி சரியில்லை" என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார். ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்: காலையா, ஓடிச் சூடானபிறகா, வேகத்திலா, சிக்னலிலா, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது, அப்புறம் நன்றாக ஓடுகிறது என்றால், இரவில் குழாயில் இருந்த பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிப் போய்விடுகிறது என்று சந்தேகப்படலாம். எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பம்ப் வால்வு பிடிக்கவில்லை. வேகத்தில், மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. சிக்னலில் மட்டும் அணைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தால் ஓடுகிறது என்றால் ஐட்லிங் பாதையில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் வரும் சிறு பாதை) அடைப்பு. பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு என்றால் கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது.

என் நோட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது, ஆனால் நான் பார்க்கவில்லை: ஐந்து முறையும் தொட்டி பாதிக்குக் கீழே இருந்தது. தொட்டி நிரம்பியிருந்த நாட்களில் ராமேஸ்வரம்வரை போய் வந்திருக்கிறேன்.

3. தீப்பொறியை முதலில் பாருங்கள்

பெட்ரோல் கோளாறு என்று வருவதில் பல இக்னிஷன் கோளாறு, அதாவது தீப்பொறிப் பக்கக் கோளாறு. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் குறைவு, ஈரமாக இருந்தால் நிரம்பி வழிகிறது அல்லது தீப்பொறி இல்லை. காப்பித்தூள் நிறம் நல்லது. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் கார்புரேட்டரை மறந்துவிட்டு அந்த சிலிண்டரின் பிளக், வயர், வால்வு பக்கம் போங்கள்; கார்புரேட்டர் மூன்றுக்கும் பொது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம்.

4. தொட்டி மூடி

வண்டி நின்றதும் இறங்கிப்போய் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "புஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பிறகு வண்டி உடனே கிளம்பினால் விஷயம் முடிந்தது. பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்தத் துளையோ வென்ட் குழாயோ அடைத்திருக்கிறது. பழைய மூடி தொலைந்து, அளவு பொருந்துகிறதே என்று வேறு வண்டி மூடியைப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

மூடி திறந்திருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள் (தீக்குச்சி வேண்டாம், சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள்). கழுத்தின் உட்பக்கம் துரு தெரிந்தால் தொட்டிக்குள்ளும் இருக்கும். அப்படியானால் தொட்டியை இறக்கிக் கழுவாமல் மேலே என்ன செய்தாலும் மாதம் ஒருமுறை இதே வேலைதான்.

5. தனிக் கேன் சோதனை

இதை மட்டும் முதல் மாதமே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பம்ப் செலவும் காயில் செலவும் மிச்சம்.

பம்புக்குள் பெட்ரோல் வரும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு புது ஹோஸைப் பம்பில் மாட்டி, மறுமுனையை ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோல் உள்ள மெட்டல் கேனில் விடுங்கள். கேனைச் சாயாதபடி கட்டுங்கள், சைலன்சர் பக்கம் வேண்டாம். பேட்டரியை மாட்டி, வண்டி நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். இந்தக் கேனோடு ரோட்டில் போகாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் தர மாட்டார்கள். மெட்டல் கேனுக்கும் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டால் தருகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: பம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் இன்னொரு ஹோஸும் உண்டு. அது வழியாகக் கேன் பெட்ரோல் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். கேன் சீக்கிரம் காலியானால் பயப்பட வேண்டாம்.

பத்து நிமிடம், நடுநடுவே ஆக்சிலேட்டரைப் பிடித்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள். சுத்தமாக ஓடினால் கோளாறு பம்புக்கு வந்து சேரும் வழியில்: தொட்டி, குழாய், ஹோஸ், ஃபில்டர். அப்போதும் திணறினால் பம்ப் அல்லது கார்புரேட்டர். ஒரே சோதனையில் பாதி வண்டியை நல்லது என்று ஒதுக்கிவிடலாம்.

6. ரப்பர் ஹோஸ்: பொதுவாகக் குற்றவாளி இவன்தான்

தொட்டியிலிருந்து பம்ப்வரை எல்லாமே உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து கார்புரேட்டர்வரை தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் விரிசல் என்றால் பெட்ரோல் வெளியே சொட்டும், வாடை வரும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுகூடத் தரையில் விழாது. மூன்று மெக்கானிக்குகளும் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு "லீக் எதுவும் இல்லை சார்" என்றது பொய் இல்லை. தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய பம்ப் அதிக உயரத்துக்கு உறிஞ்ச வேண்டும். அப்போது பெட்ரோலைவிடக் காற்று சுலபமாக வரும். என் நோட்டில் இருந்த புதிருக்கு விடை இதுதான்.

எப்படிப் பார்ப்பது? பம்புக்கு முன்னால் அரை அடி நிறமில்லாத பெட்ரோல் ட்யூபைத் தற்காலிகமாக மாட்டி வண்டியை ஓட விடுங்கள். பெரியவர் எனக்குக் காட்டியதும் இப்படித்தான். முதலில் ட்யூபில் பெட்ரோல் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக ஓடியது. ரேஸ் கொடுத்ததும் கடுகு அளவுக் குமிழிகள் ஒன்று, இரண்டு, அப்புறம் சோடா பாட்டிலைத் திறந்தது போல வரிசையாக. ஃபில்டர் மாற்றியும் குமிழி நிற்கவில்லை. பின்சீட்டுப் பக்கம் அடியில் போய், தொட்டிக் குழாயையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் ஹோஸை மாற்றியதும் நின்றது. பழைய துண்டை வளைத்துப் பார்த்தேன். கிளிப் இருந்த இடத்துக்கு அடியில், வெளியிலிருந்து தெரியாத இடத்தில், பிளேடால் கீறியது போல ஒரு பிளவு. நேராக இருக்கும்போது மூடிக்கொள்கிறது, இழுவை வந்தால் திறக்கிறது.

ஒரு இடம் போனால் மற்ற இடங்களும் அதே வயதுதான். அதனால் எல்லா ரப்பர் ஹோஸையும் ஒரே நாளில் மாற்றுங்கள், திரும்பும் ஹோஸையும் சேர்த்து. இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ20, படிப்படியாக வந்துவிட்டது. நம் வண்டி தயாரான காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. உள்பக்கம் ஊறி உப்பி, தோல் உரிந்து, அந்தத் தோலே வால்வு மாதிரி பாதையை மூடும். வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். கடையில் "எத்தனால் தாங்கும் ஃப்யூல் இன்ஜெக்ஷன் ஹோஸ்" என்று கேளுங்கள். ஹோஸின் மேல் ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் நல்லது. தண்ணீர் ட்யூப், மீன்தொட்டி ட்யூப் எல்லாம் ஒரு மாதத்தில் கல் மாதிரி இறுகிவிடும். சோதனைக்கு மாட்டிய நிறமில்லாத ட்யூபையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். பம்பில் உள்ளே வருவது, கார்புரேட்டருக்குப் போவது, தொட்டிக்குத் திரும்புவது என்று மூன்று முனைகள் உண்டு. இரண்டு இடம் மாறினால் புதுக் கோளாறு ஒன்று உருவாகும்.

7. ஃபில்டரும் பம்பும்

ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும்; பெட்ரோல் போகும் திசையில் மாட்டுங்கள். நெடுநாள் நின்ற வண்டியை ஓட்டத் தொடங்கினால் 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். எத்தனால் தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் பழைய பிசினையெல்லாம் கரைத்து இங்கேதான் கொண்டுவந்து சேர்க்கும்.

பம்பைச் சோதிக்க, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விடுங்கள். காயிலின் நடு வயரைக் கழற்றி பாடியில் எர்த் பட வைத்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். வெறுமனே வழிந்தால் டயாஃப்ரம் அல்லது வால்வு போய்விட்டது.

என்ஜின் ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள்.

"எலெக்ட்ரிக் பம்ப் போட்டுடலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். எம்பிஎஃப்ஐ வண்டியின் பம்ப் தள்ளும் அழுத்தம் நம் பம்பைப் போலப் பத்து மடங்கு இருக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் நீடில் வால்வால் அதைத் தாங்க முடியாது, பெட்ரோல் கார்புரேட்டரைத் தாண்டிச் சூடான என்ஜின்மேல் வழியும். வேண்டாம்.

8. கார்புரேட்டர், கடைசியாக

இங்கேயும் கழற்றாமல் பார்க்கக்கூடியவை நான்கு. என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிவரைத் திருகுங்கள். மெல்லிய பெட்ரோல் கோடு பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் ஒன்று கிண்ணத்தில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு அறை) பெட்ரோல் இல்லை, அல்லது ஆக்சிலேட்டர் பம்ப் போயிருக்கிறது. அடுத்து, சாவியை ஆன் செய்யும்போது கார்புரேட்டரில் உள்ள சோலனாய்டில் (மின்சாரத்தில் திறக்கும் சிறு வால்வு) "டிக்" என்று கேட்கிறதா? ஐட்லிங்கில் மட்டும் அணையும் வண்டிகளில் சில நேரம் அந்த வயர் கழன்றிருப்பதுதான் கோளாறாக இருக்கும்; அதைப் பார்க்காமல் மெக்கானிக் கிட் மாற்றிக் காசு வாங்கிவிடுவார். மூன்றாவது, சோக் (குளிர்ந்த என்ஜின் கிளம்பக் காற்றைக் குறைக்கும் தகடு) கேபிள். நாபை உள்ளே தள்ளியபின் சோக் தகடு முழுதாகத் திறந்து செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் இறுகி அரைச் சோக்கில் ஓடும் வண்டிகள் ஏராளம்.

நான்காவது, காற்று கசிகிறதா என்று பார்க்க, என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டர் அடிப்பக்க கேஸ்கட்டைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு. சிலர் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடிப்பார்கள். சூடான சைலன்சருக்கு மேலே அந்த வேலை வேண்டாம்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஒரு எவர்சில்வர் டம்ளரில் வடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். என் டம்ளரின் அடியில் மிளகாய்த்தூள் போலத் துரு, அதன் நடுவே உருண்டு ஓடும் இரண்டு தண்ணீர் முத்து. தண்ணீர் இருந்தால் தொட்டியையும் வடிக்க வேண்டும், கார்புரேட்டரை மட்டும் கழுவிப் பயனில்லை.

மிக்ஸர் ஸ்க்ரூவை (ஐட்லிங்கில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வெளியே எடுக்கும் முன், முழுதாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். உள்ளே போய் மெதுவாக இடித்ததும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனை மழுங்கிவிடும். ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகுகள்) எண் பொறித்திருக்கும். இரண்டு பேரல் (காற்று போகும் குழல்) உள்ள கார்புரேட்டரில் முதல் பேரல் ஜெட்டும் இரண்டாம் பேரல் ஜெட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், எண் வேறு. மாற்றிப் போட்டால் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஜெட்டுக்குள் கம்பி, ஊசி எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். ஸ்பிரே அடித்து, காற்று விடுங்கள், போதும். நீடில் வால்வின் முனையில் வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் மாற்றுங்கள். ஃப்ளோட்டை, அதாவது கிண்ணத்தில் மிதந்து நீடில் வால்வை மூடும் மிதவையை, காதருகே குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சத்தம் போலக் கேட்டால் அதில் பெட்ரோல் புகுந்திருக்கிறது.

9. வெயிலில் மட்டும் நிற்கும் வண்டி

சித்திரை, வைகாசியில் டிராஃபிக்கில் நின்று, ஆறினால் கிளம்பினால், குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பாதையை அடைக்கலாம். அடுத்த முறை நின்றதும் ஈரத்துணியைப் பம்ப்மேலும் அதை ஒட்டிய குழாய்மேலும் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் கிளம்பினால் இதுதான். ஹோஸைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள், தகட்டு மறைப்பு கழன்றிருந்தால் திரும்ப மாட்டுங்கள். ஈரத்துணி போட்டும் கிளம்பவில்லை, தீப்பொறியும் இல்லை என்றால் காயிலைச் சந்தேகப்படுங்கள்.

10. புகைச் சான்றிதழும் ஆர்சியும்

என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே மிக்ஸர் ஸ்க்ரூவைச் சரியான அளவில் வைப்பது ஒரு கலை. எனக்கு வராது. நான் செய்தது: என்ஜின் நன்றாகச் சூடானபிறகு புகைப் பரிசோதனை மையத்துக்குக் கூட்டம் இல்லாத மதியம் போனேன். "அண்ணே, கருவியை மாட்டுங்க, நான் ஸ்க்ரூ வைக்கிறேன், அப்புறம் சர்டிபிகேட் போடலாம்" என்றேன். சோதனைக் கட்டணத்துக்குமேல் நூறு ரூபாய் கொடுத்தேன். பாரத் ஸ்டேஜ் 2 என்ற மாசு விதிக்கு முந்தைய கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரைதான் அனுமதி. முதல் ரீடிங் 4-க்கு மேல். கால் கால் சுற்றாக உள்ளே திருகி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் காத்திருந்து, 2-க்குக் கொண்டுவந்தோம். அதற்குமேல் குறைத்தபோது என்ஜின் உதறியது, அங்கேயே விட்டுவிட்டோம். இந்த வயது வண்டிகளுக்குச் சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

ஆர்சி 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் தயாராக வையுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் 15-இலிருந்து 20 ஆண்டுவரை 5,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. அதே ரகக் கார்புரேட்டரோ பம்போ மாற்றினால் ஆர்சியில் எதுவும் எழுத வேண்டியதில்லை. கேஸ் கிட் போட்டால் கட்டாயம் பதிய வேண்டும்.

என் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2027-இல். ஹோஸ், ஃபில்டர் வேலையெல்லாம் இரண்டு மாதம் முன்பே முடித்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புகைச் சோதனை, அதன்பிறகு விண்ணப்பம் என்று வைத்திருக்கிறேன். ஆய்வுக்குப் போகும் அன்று காலையில், இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடட்டுமே என்று மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.